மேல்வரிசை

“பல் செட்டு எங்கம்மா?” என்று பெட்டிக்காரர் இரண்டாவது முறையாகக் கேட்டார்.

அவள் மடியிலிருந்த கைப்பையை வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். “தெரியலையே. இங்கதான் எங்கயாவது இருக்கும்.”

தம்பி தேடிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலுக்கடியில் தலையை விட்டான், வெளியே எடுக்கும்போது இரும்புச் சட்டத்தில் இடித்துக்கொண்டான், பிறகு அலமாரி இழுப்பறையை உருவித் தரையில் கவிழ்த்தான். மூக்குக்கண்ணாடி வந்தது, சீப்பு வந்தது, பாதி தீர்ந்த இருமல் மருந்து வந்தது. பல் மட்டும் வரவில்லை. கட்டிலில் அப்பா படுத்திருந்தார். விடிவதற்குச் சற்று முன்னால் மூச்சு நின்றிருந்தது. தாடை தொங்கிவிடாமல் நர்ஸ் ஒரு துணிப்பட்டையைத் தலையைச் சுற்றிக் கட்டிவிட்டுப் போயிருந்தாள். செத்தவர் என்பதைவிடப் பல்வலிக்காரர் என்றால் பொருத்தமாக இருக்கும்.

“செட்டு இல்லாம வச்சா கன்னம் ரெண்டும் உள்ள போயிடும்மா,” என்றார் பெட்டிக்காரர். பெட்டி, வண்டி, குழி என்று சாவுக்கு வேண்டிய எல்லாவற்றையும் ஏற்பாடு செய்து கொடுப்பவர். குரலை உயர்த்தியே பழக்கமில்லாத மனிதர். “உதடு சுருங்கிப் போயி, மூக்கும் மோவாயும் ஒட்டற மாதிரி ஆயிடும். வர்றவங்களுக்குக் கடைசியா அந்த முகம்தான் மனசுல நிக்கும். அதான் கேக்கறேன்.”

கடைசியாக அந்த முகம்தான் மனதில் நிற்கும். அது அவளுக்குத் தெரியாதா? அதற்காகத்தானே பை மடியில் இருக்கிறது.

“அக்கா, நீதான் பல் கட்டறவளாச்சே,” என்றான் தம்பி, தலையைத் தடவிக்கொண்டே. “உன் கடைலேருந்து அவசரத்துக்கு ஏதாவது ஒண்ணு…”

“பல்லு என்ன செருப்பாடா, எவனோடதையாவது எடுத்து மாட்டிவிட?”

பெட்டிக்காரர் வந்த சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார். பஞ்சு வைத்துப் பார்க்கலாம் என்றார்.

“பஞ்செல்லாம் ஒண்ணும் வேணாம். இருக்கற வாய் இருக்கற மாதிரியே இருக்கட்டும்.”

அவள் சொன்ன வேகத்தில் அவர் ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு, “நாளைக்குக் கெடைச்சாலும் கொண்டாங்கம்மா. மூடி போடற வரைக்கும் நேரம் இருக்கு,” என்று சொல்லிவிட்டு அளவு நாடாவைப் பிரித்தார்.

செட் தொலையவில்லை. தம்பி ஆஸ்பத்திரி அலுவலகத்துக்குக் கையெழுத்துப் போடப் போயிருந்த நேரத்தில் நர்ஸ் அதை ஒரு டப்பாவில் தண்ணீர் விட்டு அவள் கையில் கொடுத்திருந்தாள். தொழில் பழக்கம் சும்மா விடுமா? குழாயடியில் கழுவித் துடைத்து, ஜன்னல் வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள். பார்த்ததும் கை அப்படியே நின்றுவிட்டது.

மேல்வரிசையில் இடது கோரைப்பல் ஒரு நூல் முன்னே தள்ளி, பக்கத்துப் பல்லின் மேல் லேசாகச் சாய்ந்திருந்தது. அப்படிச் சாய்த்து வைக்கிறவள் இந்த ஊரில் ஒருத்திதான். டாக்டர்கள் வாயை அச்செடுத்து அனுப்புவார்கள். அவள் மெழுகில் பல் அடுக்கி, செட் செய்து, தேய்த்து மெருகேற்றித் திருப்பி அனுப்புவாள். ஆடுகிற செட்டைச் சரி பண்ணிக்கொள்ள நேராகக் கடைக்கே வருகிறவர்களும் உண்டு. வேலி கட்டின மாதிரி நேராக அடுக்காமல் அந்த ஒரு பல்லை மட்டும் துளி தெத்தலாக வைப்பாள். இயற்கையாக இருக்கிறது என்று டாக்டர்கள் மெச்சிக்கொள்வார்கள். அவள் இயற்கையை நினைத்து வைக்கவில்லை. அது அவள் அம்மாவின் தெத்துப்பல்.

அதை உடைத்தவர் வாயிலேயே அதைக் கொண்டுபோய் வைத்திருக்கிறாள்! எந்த டாக்டரிடமிருந்தோ பெயர் போடாமல் வந்த அச்சு. எப்போது வந்தது, எப்போது செய்தாள் என்றுகூட நினைவில்லை. இத்தனை வருஷமாக இந்தப் பல்லை வைத்துக்கொண்டு இந்த மனுஷன் பாடியிருக்கிறார், சிரித்திருக்கிறார், தம்பி வீட்டுச் சாப்பாட்டை ருசித்துச் சாப்பிட்டிருக்கிறார். “இது என்னோடது,” என்று வாய்விட்டே சொன்னாள். சொல்லிவிட்டு டப்பாவைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

பெட்டிக்காரர் போன பிறகு தம்பியைக் கேட்டாள். “அவரு எங்கடா பல் கட்டினாரு?”

தம்பி இழுப்பறையை மாட்டுவதில் மும்முரமானான். “அது வந்து… நம்ம டாக்டர்கிட்டதான். பேர் போடாம அச்சை உனக்கு அனுப்பச் சொன்னேன். கோச்சுக்காதக்கா. அவருதான் கேட்டாரு. கட்டினா உன் கையாலதான் கட்டிக்குவேன்னு ஒத்தக்கால்ல நின்னாரு.”

“கேட்டு வாங்கினாரா?”

“ஆமா. முதல் நாள் செட்டை மாட்டிக் கண்ணாடில பாத்துட்டு அப்புறம் வாயையே தொறக்கல. வலிக்குதான்னு கேட்டேன். இல்லைன்னு தலையை ஆட்டினாரு. ராத்திரி வரைக்கும் பேசலக்கா.”

ஏன் பேசவில்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. தம்பிக்குத் தெரியவில்லை, அம்மாவின் பல் போனபோது அவன் கைக்குழந்தை.

அப்பா வெல்டர். குடித்தால் கை நீளும். குடிக்காத நாள் என்று ஒன்று அபூர்வமாக வரும். ஒரு சாயங்காலம் அம்மா எதையோ நினைத்துச் சிரித்தாள். தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறாள் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. ஒரே குத்து. மேல்வரிசையில் முன்பக்கம் முழுக்கப் போயிற்று. அதற்கப்புறம் அம்மா சிரிப்பதானால் கையை வாய்க்கு முன்னால் கொண்டுவந்துவிட்டுத்தான் சிரிப்பாள். கடையில் விலை கேட்டாலும் கை, பக்கத்து வீட்டுக்காரியிடம் நலம் விசாரித்தாலும் கை. ஜெபம் பண்ணும்போதுகூட அப்படித்தான். ‘இந்த மனுஷனை இந்தப் பாழாப்போன குடிலேருந்து விடுவிச்சிடும் ஆண்டவரே’ என்று கைக்குப் பின்னாலிருந்து வேண்டுவாள். கை மறைத்ததில் ஆண்டவர் காதில் சரியாக விழாமல் போயிற்றோ என்னவோ என்று மகள் பிற்பாடு நினைத்துக்கொள்வதுண்டு.

மகள் பல் கட்டும் வேலைக்குப் போனதே அதற்காகத்தான். பல்லைத் தேய்க்கவும் மெழுகை உருக்கவும் கற்றுக்கொண்டு, தன் முதல் செட்டை அம்மாவுக்கு என்று அடுக்கினாள். தெத்துப்பல்லோடு அடுக்கினாள். அது மெழுகில் இருக்கும்போதே அம்மா ஒரு காய்ச்சலில் போய்விட்டாள். பெட்டிக்குள் அவள் இரண்டு கைகளையும் நெஞ்சின் மேல் கோத்து வைத்துவிட்டார்கள். வாயை மறைக்கக் கை இல்லை. ஊரே வரிசையில் வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போயிற்று. மகள் தலைமாட்டில் நின்றுகொண்டு, வருகிறவர்களின் பார்வை எங்கே போய் விழுகிறது, விழுந்ததும் எப்படிப் பதறி விலகுகிறது என்று ஒருவர் விடாமல் பார்த்தாள். அப்பா சுவரைப் பிடித்துக்கொண்டே வந்தார். பெட்டியைத் தாண்டிப் போய் யாருடைய நாற்காலியிலோ உட்கார்ந்து தூங்கிவிட்டார்.

அவர் அப்படியே குடித்துச் செத்திருந்தால் அவள் பாட்டுக்கு வெறுத்துவிட்டு வேலையைப் பார்த்திருப்பாள். மறு வருஷம் அந்த மனுஷன் திருந்திவிட்டார். அதைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை. டயர் கடை மாடியில் கூடுகிற ஒரு சின்னச் சபைக்குப் போக ஆரம்பித்தார். குடியை விட்டார். அவள் நம்பவில்லை. “பாத்துக்கிட்டே இரு, விழுவாரு,” என்று தம்பியிடம் சொன்னாள். தம்பி வீட்டில் எதிர்ப்பட்டால் அவரிடம் பேச மாட்டாள். ஆனால் காரணமில்லாமல் பக்கத்தில் போய் நின்று மூச்சை முகர்ந்து பார்ப்பாள். வருஷக்கணக்காக முகர்ந்தாள். சோப்பு வாசம்தான் வந்தது. இப்போது படுக்கையில் விழுந்தபோதுகூட, “ஈரல்தானே டாக்டர்?” என்று ஆசையாகக் கேட்டாள். “ஈரலுக்கு ஒண்ணும் இல்லீங்க. நுரையீரல்தான் போயிடுச்சு. வெல்டிங் புகை,” என்றார் டாக்டர். அவளுக்கு ஏமாற்றமாக இருந்தது.

ஒரு முறை அவளுடைய கடை வாசலுக்கே வந்து நின்றார். தேய்க்கிற மோட்டாரை நிறுத்தாமலே என்ன என்று பார்த்தாள்.

“அம்மாடி, என்னை மன்னிச்சிடு,” என்றார்.

“அம்மாகிட்டக் கேளுங்க.”

“அவகிட்ட எப்படிக் கேப்பேன்? ஆண்டவர்கிட்டக் கேட்டேன். மன்னிச்சிட்டாரும்மா. நிஜமாவே மன்னிச்சிட்டாரு. குடி இப்ப எனக்கு எசமான் இல்ல. கூப்பிட்டா நான் போகத் தேவையில்ல.”

“அவரையா குத்தினீங்க? அவர் பல்லா போச்சு? அவரு யாரு நடுவுல மன்னிக்கறதுக்கு?”

மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அவர் வாசலிலிருந்தே திரும்பிப் போய்விட்டார். அம்மா கெஞ்சிக் கெஞ்சிக் கேட்டும் அவள் உயிரோடு இருந்தவரை கொடுக்காததை, அவள் போன பிறகு இந்த மனுஷனுக்கு அள்ளிக் கொடுத்த ஆண்டவர் மேலும் அவளுக்குக் கோபம்தான். ஆண்டவரை ஒன்றும் செய்ய முடியாது. இவரைச் செய்யலாம். அதற்கு ஒரு நாள் வரும் என்று காத்திருந்தாள்.

அந்த நாள், அவர் செத்த மறுநாள் காலையில், டயர் கடை மாடியில் வந்தது.

அவள் அந்தப் படிகளில் ஏறுவது அதுதான் முதல் தடவை. ரப்பர் வாசம் மேலே வரை வந்தது. நீளமான ஒரே அறை, பெயின்ட் உரிந்த சுவர், வரிசையாக இரும்பு நாற்காலிகள். நாற்காலிகளின் கால்களில் பற்றவைத்த இடம் தழும்பு இல்லாமல் வழுவழுவென்று இருந்தது; அப்பாவின் கை என்று பார்த்ததுமே தெரிந்தது. நடுவில் இரண்டு பெஞ்சுகளின் மேல் பெட்டி. பெட்டிக்காரர் அவருக்கு வெள்ளைச் சட்டை போட்டு, தலை வாரி, தன்னால் ஆனதைச் செய்திருந்தார். வாயைத்தான் அவரால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உதடுகள் உள்ளே மடங்கி, கயிறு இழுத்துக் கட்டின பை மாதிரி சுருங்கிக் கிடந்தன.

சித்தி முதல் ஆளாக வந்துவிட்டாள். அம்மாவின் தங்கை. “நான் ஒண்ணும் அழ வரலடி. செத்துட்டானான்னு கண்ணால பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்,” என்று படியேறும்போதே சொல்லிக்கொண்டு வந்தாள். குனிந்து பெட்டிக்குள் வெகுநேரம் பார்த்தாள். “செட்டு தொலஞ்சு போச்சாமே?”

“ஆமா சித்தி.”

சித்தி அவள் முகத்தைப் பார்த்தாள். தோளில் மாட்டியிருந்த பையைப் பார்த்தாள். “தொலையட்டும்,” என்று அவள் கையைத் தட்டிக் கொடுத்துவிட்டு, நல்ல இடமாகப் பார்த்து முன்வரிசையில் உட்கார்ந்துகொண்டாள்.

அவள் தலைமாட்டில் நின்றாள். அம்மாவுக்கு எங்கே நின்றாளோ அதே இடம். சபைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். முதலில் ஒரு பருத்த ஆள், கையில் கிரீஸ் கறை. அவர் பார்வை நேராக வாயில் போய் விழுந்தது. இப்போது விலகும் என்று அவள் கண்ணில் எண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். விலகவில்லை. அவர் அந்த வாயையே பார்த்து, தெரிந்தவரைப் பார்த்த மாதிரி ஒரு தரம் தலையசைத்துவிட்டுப் போனார். அடுத்து வந்த பெண் குனிந்து நெற்றியில் முத்தமிட்டாள். அதற்கடுத்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டே லேசாகச் சிரித்தாள். ஒருவர் முகத்திலும் அருவருப்பு இல்லை, பதற்றம் இல்லை. இவர்களுக்கெல்லாம் கண் என்ன அவிந்தா போயிற்று என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

எல்லாரும் உட்கார்ந்ததும் லிஃப்ட்காரர் எழுந்தார். கட்டடம் கட்டடமாகப் போய் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். சபையையும் அவர்தான் நடத்துகிறார். பிரசங்கி மாதிரிப் பேச வரவில்லை அவருக்கு. நின்றுகொண்டே ஒரு நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“குடும்பத்துக்காரங்க வந்திருக்கீங்க. எங்க வழக்கம் உங்களுக்குத் தெரியாது,” என்றார். “இங்க புதுசா வர்றவங்க பொத்தாம்பொதுவா நான் பாவின்னு சொன்னா நாங்க ஒத்துக்கறதில்ல. யாருக்கு என்ன செஞ்சீங்கன்னு கேப்போம். செஞ்சதச் சொல்லணும், மழுப்பாம. இவரும் வந்து நின்னாரு. என் பொண்டாட்டி சிரிச்சா, குத்தினேன், பல்லு போச்சு, அவ அப்புறம் கையால வாயை மூடாம சிரிக்கவே இல்லைன்னு சொன்னாரு. என் பொண்ணு கதவோரமா நின்னு பாத்துக்கிட்டு இருந்தான்னும் சொன்னாரு.”

தான் கதவோரம் நின்றது அம்மாவுக்குக்கூடத் தெரியாது என்று இத்தனை காலமும் நினைத்திருந்தாள்.

“அதோட விட்டிருக்கலாம். ஒரு தடவ சொன்னா போதும் இங்க. ஆனா செட்டு கட்டினதுக்கப்புறம், அந்தம்மா போன தேதி வந்தா, வருஷா வருஷம் இதே எடத்துல வந்து நிப்பாரு. செட்டைக் கழட்டிக் கைல வச்சுக்கிட்டு, அவளை நான் இப்படி ஆக்கினேன்னு சொல்லுவாரு. பல்லு இல்லாம வார்த்தை குழறும். எல்லாருக்கும் புரியற வரைக்கும் திரும்பத் திரும்பச் சொல்லுவாரு. அதனால இந்த முகம் எங்களுக்குப் புதுசு இல்ல.” அவர் பெட்டியைப் பார்த்துக்கொண்டார். “செத்தா செட்டு வைக்கக் கூடாது, அவ எப்படிப் போனாளோ அப்படியே போறேன்னு எங்கிட்டச் சொல்லி வச்சிருந்தாரு. அது முடிஞ்சு போன விஷயம், ஆண்டவர் தீர்த்ததை நீங்க எதுக்கு மறுபடி தீர்க்கப் பாக்கறீங்கன்னு சண்டையே போட்டேன். மத்ததுல எல்லாம் சொன்னா கேக்கற மனுஷன், இதுல மட்டும் கேக்கல. உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு நேத்துப் பூரா தயங்கிக்கிட்டு இருந்தேன். காலைல வந்து பாக்கறேன், அவர் ஆசைப்பட்ட மாதிரியே படுத்திருக்காரு. அந்தப் பொண்ணு மனசுக்கே தோணியிருக்கு.”

அவர் அவளைப் பார்த்துத் தலை தாழ்த்தினார். அறை முழுக்கத் திரும்பி அவளைப் பார்த்தது. அத்தனை கண்ணிலும் நன்றி! முன்வரிசையிலிருந்த சித்தி எட்டி அவள் முழங்கையைப் பிடித்து, “கெட்டிக்காரன்டி. செத்தும் ஜெயிச்சுட்டான் பாரு,” என்று பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தாள்.

அவளுக்கு யாரோ கன்னத்தில் அறைந்த மாதிரி இருந்தது. உயிரோடு இருந்தவரை அந்த மனுஷன் கேட்ட ஒன்றையும் செய்யாதவள், செத்ததும் சொல்லாமலே அவர் ஆசையை நிறைவேற்றி வைத்திருக்கிறாள். பழிவாங்கலாம் என்று எடுத்து ஒளித்ததை அவர் வாழ்த்தி வாங்கிக்கொண்டு படுத்திருக்கிறார். செட்டைக் கொடுக்காவிட்டால் அவர் இஷ்டம் நடக்கும். கொடுத்தால் கன்னம் எழும்பி, உதடு நிறைந்து, நல்ல மனுஷனுடைய முகத்தோடு போவார். அதைத் தடுக்கத்தானே வந்தாள்? எந்தப் பக்கம் திரும்பினாலும் லாபம் அவருக்கே. இந்த ஒரு நாளாவது அவளுடையதாக இருக்கும் என்று நினைத்திருந்தாள். அதையும் பிடுங்கிக்கொண்டார்.

பாட்டு ஒன்று பாடினார்கள். அவள் கேட்கவில்லை. அவர் வாயையே முறைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். வெறுப்போடுதான் பார்த்தாள், ஆனால் வாய்களையே பார்த்துப் பிழைக்கிறவள். பார்க்கப் பார்க்க ஒன்று உறுத்தியது. அம்மாவின் வாய் இப்படி இல்லை. அம்மாவுக்குப் பின்பற்கள் எல்லாம் இருந்தன. கன்னம் குழியவில்லை. மேலுதடு மட்டும் நடுவில் ஒரு விரற்கடை உள்ளே போய், அதற்குக் கீழே கருப்பாக ஓர் இடைவெளி. சின்ன வயசுக்காரியின் வாய். இது கிழவனின் வாய். வயசானதால் விழுந்த வாய். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. வருஷா வருஷம் கழட்டிக் காட்டியவர் தப்பாகக் காட்டியிருக்கிறார். எடுத்து ஒளித்து வைத்த அவளும் தப்பாகத்தான் வைத்திருக்கிறாள்.

பெட்டிக்காரர் சுவரோரம் சாய்த்திருந்த மூடியை ஓர் ஆள் துணையோடு தூக்கிக்கொண்டு வந்தார்.

“இருங்க,” என்றாள்.

பையைத் திறந்து டப்பாவை எடுத்தாள். தம்பி பாதி எழுந்து, “அக்கா… கெடைச்சிடுச்சா?” என்றான்.

“தொலையவே இல்லடா. நான்தான் எடுத்து வச்சேன்.” குரல் அவள் நினைத்ததைவிடப் பெரிதாக வந்தது. லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினாள். “நீங்க நெனைக்கற மாதிரி எனக்கு ஒண்ணும் தோணல ஐயா. எங்கம்மா வாயை ஊரே பாத்துச்சு. அது மாதிரி இவர் வாயையும் எல்லாரும் பாத்து மூஞ்சியைத் திருப்பணும்னு எடுத்து வச்சேன். அதுக்குத்தான்.”

லிஃப்ட்காரர் மெதுவாக, “சரிம்மா,” என்றார். பிறகு, “ஆனா அவரு ஆசை…” என்று இழுத்தார்.

“அவர் ஆசைப்படி விட முடியாது. இப்படிப் படுத்துக்கிட்டா சரியாப் போச்சா? எங்கம்மாவுக்குக் கடவாப்பல் எல்லாம் இருந்துச்சு. முன்னாடிதான் இல்ல. அவ வாய் வேற. இது வேற. இவரு தலைகீழா நின்னாலும் அதுவும் இதுவும் ஒண்ணாகாது. இவரால தீர்க்க முடியாதுங்க.” மூச்சு வாங்கியது. “முடியாதுன்னா போகட்டும். தீர்க்காமலே போகட்டும். வாயைக் கோணலா வச்சுக்கிட்டுத் தீர்த்துட்டேன்னு மட்டும் போக வேணாம்.”

“ஏய், என்னடி பண்ற நீ?” என்றாள் சித்தி.

“வேலையப் பாக்கறேன் சித்தி.”

வெந்நீர் வேண்டும் என்றாள். கிரீஸ் கறைக்காரர் கீழே டயர் கடைக்கு ஓடி, டீ போடுகிற கெட்டிலோடு வந்தார். பையின் ஓரத்தில் எப்போதும் கிடக்கும் மெழுகுத் தகட்டைக் கிள்ளி வெந்நீரில் போட்டாள். செட்டை விரலில் ஏந்தி உட்புறம் பார்த்தாள். ஈறு தேய்ந்து தேய்ந்து, செட் எப்போதோ பொருந்தாமல் போயிருக்கிறது. ஓரத்தில் உரசி உரசி ஒரு பக்கம் மழுங்கியிருந்தது. “இது ரொம்ப நாளா ஆடியிருக்கே. வலிச்சிருக்குமே,” என்றாள், யாரிடம் என்று இல்லாமல்.

“சாப்பிடறப்ப வலிக்குதும்பாரு,” என்றான் தம்பி. “அக்காகிட்டக் கொண்டுபோய்ச் சரி பண்ணலாம்னா, வேணாம்டா, அவளைத் தொந்தரவு பண்ணாதேம்பாரு.”

இளகிய மெழுகைச் செட்டின் உட்புறம் கட்டைவிரலால் பரப்பினாள். பெட்டியின் பக்கத்தில் மண்டிபோட்டு உட்கார்ந்துகொண்டு, காதுக்கு முன்னால் தாடை சேருகிற இடத்தை இரண்டு பக்கமும் அழுத்தித் தேய்த்தாள். குளிர்ந்து இறுகியிருந்தது. சட்டென்று விடவில்லை. விடுகிற வரைக்கும் தேய்த்தாள். அவரை அவள் தொட்டுப் பல காலம் ஆகியிருந்தது. மழித்த கன்னம் விரலில் முள்ளாக உறுத்தியது. வாய் விரற்கடை திறந்ததும் கீழ்வரிசையை முதலில் இறக்கினாள், பிறகு மேல்வரிசையைச் சாய்த்து உள்ளே விட்டு, அண்ணத்தில் படிய அழுத்தினாள். உதட்டை இழுத்து மேலே விட்டாள். முகம் மெல்ல மேலே வந்தது.

தினமும் எத்தனையோ பேரிடம் சொல்கிற வார்த்தை. யோசிக்காமல் வந்துவிட்டது.

“மெதுவா கடிங்க,” என்றாள்.

சொல்லிவிட்டு, கடிப்பதற்காகக் காத்திருந்தாள். சித்தி எதையோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் மூடிக்கொண்டாள்.

அவள் உள்ளங்கையை அவர் மோவாய்க்குக் கீழே கொடுத்து, தாடையை மேலே ஏற்றிப் பிடித்துக்கொண்டாள். பெட்டிக்காரர் மூடியை மறுபடி சுவரில் சாய்த்துவிட்டுத் தள்ளி நின்றார். கீழே கடையில் யாரோ ஒரு டயருக்குக் காற்றடித்துக்கொண்டிருந்தார்கள். மெழுகு இறுகக் கொஞ்ச நேரம் பிடிக்கும். இறுகும் வரை அவள் கையை எடுக்கவில்லை.